உட்காராத ஸ்டெய்ன்வோர்

ஸ்டெய்ன்வோர் தன் ஆயுளில் சுட்ட பான்கேக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், செல்விக் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையைவிட உயரமான தூண் ஒன்று எழும்பியிருக்கும். அதன் உச்சியில் ஏறி நின்றால் ஃபாரோ தீவுகளில் யார் வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது என்பதுகூடத் தெரியும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது, ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ளாமல் இருக்கவும் முடியாது. மேசைக்கு எதிர்ப்பக்கம் சோல்ரூன் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். முப்பது வருடம் தபால் நிலையத்தில் எடை பார்த்து முத்திரை குத்தியவள். நான் எழுத எழுத உரக்கப் படிக்க வேண்டும் என்பது அவள் கட்டளை.

ஊசியை நிறுத்திவிட்டு உடனே கணக்குப் போட்டாள்.

"இருநூத்தி நாப்பது சாவு அடக்கத்துக்குச் சுட்டிருக்கா. ஒவ்வொண்ணுக்கும் முந்நூறு பான்கேக். ஒண்ணு ஒன்றரை மில்லிமீட்டர் கனம். நூத்தியெட்டு மீட்டர் வருது. மலை அறுநூறு. கலங்கரை விளக்கம் நிக்குற குன்று அளவுன்னு போடு, ஹெர்போர்க். அதுவே பெருசுதான்."

போட்டுவிட்டேன். குன்று அளவு.

ஸ்டெய்ன்வோர் செத்த மறுவாரம் ஒன்பது பேர் அவளைப் பற்றிப் பேப்பரில் எழுதினார்கள். ஒன்பதிலும் அவள் கடுமையாக உழைத்தாள், எல்லாருக்கும் உதவினாள், அவள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருந்தது. கதவு திறந்திருந்தது உண்மைதான், தாழ்ப்பாள் எழுபத்தொன்றாம் வருடமே உடைந்துவிட்டது. மற்றபடி அந்த ஒன்பதையும் வெட்டி வேறு யார் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். அதனால்தான் எங்கள் மாதர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் எழுத வேண்டியதாயிற்று.

அவள் பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்த ஆட்டுப் பண்ணையிலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்தாள். அப்போது ஹெரிங் மீன் கொழித்த காலம். துறையில் பெண்கள் வரிசையாக நின்று மீனை வெட்டிப் பீப்பாயில் உப்பிட்டு அடுக்குவார்கள். அவள் அடுக்கிய வேகத்தைப் பார்த்துத்தான் தோர்லாக்குர் கல்யாணத்துக்குக் கேட்டான் என்று அவன் சொல்வான். அவன் காலி பீப்பாயை உருட்டி வந்த லட்சணத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் சம்மதித்தேன் என்று அவள் சொல்வாள்.

மாமியார் இங்வெல்துர் மருமகளுக்கு மோதிரம் போடவில்லை. நீளப் பிடி வைத்த, தட்டையான, கறுத்த இரும்புக் கல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். பான்கேக் சுடும் கல். அதற்கு அப்போதே முப்பது வயது.

"இதைத் தண்ணியில காட்டக் கூடாது. துணியால தொடைக்கணும், அவ்வளவுதான்" என்றாள் மாமியார். "நீ இதை சோப்புப் போட்டுக் கழுவுற அன்னைக்கு இந்தக் கல்யாணம் முறிஞ்சுதுன்னு நான் எடுத்துக்குவேன்."

இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான். என் கல்லும் கழுவப்படாததுதான். ஆனால் நான் சுடும் பான்கேக்கை என் வீட்டு நாயே புதைத்துவிட்டு வந்ததுண்டு, அது வேறு விஷயம்.

பதினோரு வருடத்தில் ஐந்து பிள்ளைகள். மூத்தவள் க்ரோவா, எனக்கு மாணவி. வாய்ப்பாட்டில் எட்டாம் வாய்ப்பாடு தவிர எல்லாம் சரியாகச் சொல்வாள். எழுபத்தொன்பதாம் வருடம் பிப்ரவரியில் தோர்லாக்குர் போன 'சூலா' என்ற படகு முனையைத் தாண்டியதும் கவிழ்ந்தது. அவனோடு போன மூன்று பேரும் போனார்கள். பதினோராம் நாள் அவன் உடல் மட்டும் கிடைத்தது. ஸ்டெய்ன்வோருக்கு முப்பத்துநாலு வயது. க்ரோவாவுக்குப் பதின்மூன்று.

அடக்கம் முடிந்ததும் ஊரே பொதுக் கூடத்துக்குக் காபி குடிக்க வரும். அது எப்போதும் உள்ள வழக்கம். அந்த மாதம் பாதி ஊர் காய்ச்சலில் கிடந்தது. அவனோடு போன மூவரின் வீடுகளிலும் துக்கம். காபி போட ஆள் இல்லை. விதவை கறுப்பு உடைமேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். பான்கேக் சுட்டாள், காபி ஊற்றினாள், கோப்பை கழுவினாள். க்ரோவா சர்க்கரைக் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடந்தாள். நான் வந்திருந்தேன். ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, "வருத்தமா இருக்கு" என்றேன். "சூடா இருக்கு, பாத்துப் பிடி" என்று பதில் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஸ்டெய்ன்வோர் ஒரு பள்ளிக்கூட நோட்டுடன் என் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஹெர்போர்க், அன்னைக்கு நீ வந்திருந்தியா?"

"என்னடி கேள்வி இது? வந்தேனே. உன் கையாலதானே காபி வாங்கினேன்."

"எனக்கு ஞாபகம் இல்ல. ஒருத்தர் முகமும் ஞாபகம் இல்ல. எந்தப் பாட்டுப் பாடினாங்கன்னும் தெரியல. எத்தனை கோப்பை உடைஞ்சுதுன்னு மட்டும் தெரியும். நாலு." பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். "நீ என்ன சொன்ன அன்னைக்கு? சொல்லு, எழுதிக்கிறேன்."

அறுபது வீடு ஏறி இறங்கினாள். வந்தவர்கள் பேர், சொன்ன வார்த்தை. புருஷன் அடக்கத்தை அப்படி ஒவ்வொரு வாசலாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அந்த நோட்டு முடிந்த வாரமே மாதர் சங்கத்தில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் கூட்டத்திலேயே, கூடத்து அடுப்பங்கரையின் அலமாரிக் கதவில் அட்டை ஒன்றை ஆணி அடித்து மாட்டினாள். 'துக்க வீட்டார் தட்டைத் தொடக் கூடாது.' தலைவியிடம் கேட்கவில்லை. அடுத்த வருடம் தலைவியே அவள்தான்.

நாற்பத்துநாலு வருடம் அந்தச் சட்டம் நின்றது. மீன் தொழிற்சாலை மேலாளர் தன் அம்மா அடக்கத்தில், கை சும்மா இருக்க மாட்டாமல், காபிப் பாத்திரத்தைத் தூக்கப் போனார். மரக்கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். "அழுறதுதான் இன்னைக்கு உன் வேலை. போ, போய் அதைப் பாரு." அவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள்தான் அடித்தாள்.

போதகர் ஓக்முந்துர் புதிதாக வந்தபோது நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்யும் பழக்கத்தோடு வந்தார். முதல் அடக்கத்துக்கு முந்தின நாள் ஸ்டெய்ன்வோர் தேவாலயத்துக்குப் போனாள்.

"ஓக்முந்துர், பதினெட்டு நிமிஷம்."

"எதுக்கு?"

"உன் பிரசங்கத்துக்கு. பத்தொன்பதாவது நிமிஷம் பான்கேக் ஆறிடும். செத்தவன் பொறுத்துக்குவான். இருக்கிறவன் பொறுக்க மாட்டான்."

இப்போது அவர் பதினேழில் முடிக்கிறார். ஊரில் பக்தி கூடியிருப்பதாக அவருக்கு எண்ணம்.

இந்த நாற்பத்துநாலு வருடத்தில், எந்த அடக்கக் காபியிலும், ஸ்டெய்ன்வோர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதல் கோப்பையிலிருந்து கடைசித் தட்டைத் துடைக்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள். சொல்லப்போனால் அவளுக்கு முழங்கால் மடங்காதோ என்றுகூட நான் சந்தேகப்பட்டதுண்டு. (சோல்ரூன் இந்த இடத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்ணி எண்ணிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாள்.)

குடும்பத்தை நடத்தியதும் இதே விதம்தான். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஐந்து பிள்ளைகளுக்கும் போன் போகும். "எழுந்தாச்சா?" எழுந்தாச்சு என்றால் வைத்துவிடுவாள். கடைசி மகன் நார்வேயில் எண்ணெய் மேடையில் வேலை பார்த்தபோது, கடலுக்கு நடுவே அங்கேயும் போன் அடித்தது. மேடை முழுக்க அபாய மணி என்று நினைத்து நாற்பது பேர் உயிர்காப்புச் சட்டையோடு ஓடிவந்தார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஓடிவந்தது சமையற்காரர் ஒருவர்தான்.

மகள்கள், மருமகள்கள், வளர்ந்ததும் பேத்திகள் என்று எல்லாரையும் சங்கத்தில் சேர்த்தாள். விருப்பமா என்று கேட்ட ஞாபகம் யாருக்கும் இல்லை. மீட்புப் படைக்கும் அவள்தான் சூப். பனிப்புயலில் வண்டி மாட்டிக்கொண்டாலும், மலையில் யாராவது வழி தவறினாலும், படை கிளம்பிப் போய்த் திரும்பும்போது கொட்டகையில் ஆட்டுக்கறி சூப் கொதித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை சுற்றுலா வந்த இரண்டு பேர் காணாமல் போவதற்கு முன்பே அவள் சூப்போடு வந்துவிட்டாள் என்று படைத் தலைவன் பிராந்துர் சத்தியம் செய்வான். "வானத்தையும் பாத்தேன், அவங்க போட்டிருந்த செருப்பையும் பாத்தேன். அடுப்பைப் பத்தவெச்சுட்டேன்" என்பது அவள் விளக்கம்.

போன மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி காலை, ஸ்டெய்ன்வோர் சோல்ரூன் வீட்டுப் படியில் கிடந்த பனியை வாரித் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனாள். படுத்தாள். மறுநாள் ஏழு மணிக்கு ஐந்து வீட்டிலும் போன் அடிக்கவில்லை. ஐந்து பேரும் ஐந்து திசையிலிருந்து அந்த வீட்டுக்குப் போன் செய்ய, அது அடித்துக்கொண்டே இருந்தது. எழுபத்தொன்பது வயது.

அன்று மத்தியானம் க்ரோவா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஏப்ரன், மடித்தபடி.

"அடக்கம் சனிக்கிழமை. இருநூறு பேர் வருவாங்க, கூடவும் வரலாம். நான் நாளைக்கே மாவு கலக்க ஆரம்பிச்சிடுறேன்."

"அலமாரிக் கதவுல என்ன எழுதியிருக்கு?"

"படிக்கத் தெரியும் எனக்கு. நீதானே சொல்லிக்கொடுத்த." குரல் உடையவில்லை, அவள் அம்மா மகள். "நீயே எண்ணிப் பாரு, ஹெர்போர்க். சங்கத்துல இப்போ பதினோரு பேர். நாங்க அக்கா தங்கச்சி மூணு பேர். தம்பி பொண்டாட்டிங்க ரெண்டு. பொண்ணுங்க நாலு. ஒன்பது பேரும் துக்க வீட்டார். மிச்சம் யாரு?"

மிச்சம் இரண்டு பேர். சோல்ரூனுக்கு எண்பத்தெட்டு வயது, இடுப்பில் இரும்பு. இன்னொன்று நான். என் நாய் என்ன செய்ததென்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

"அவ சட்டத்தை அவ அடக்கத்துலேயே உடைக்கணுமா?" என்றேன்.

"காபியே இல்லாம அனுப்புறதா அப்போ? ஊருக்கே போட்டவளை?" ஏப்ரனை மேசைமேல் வைத்தாள். "அப்பா அடக்கத்துலயும் நான் சர்க்கரைக் கிண்ணம்தான் தூக்கினேன். அந்த நாள்ல எனக்கு ஞாபகம் இருக்குறது அந்தக் கிண்ணத்து மேல இருந்த நீலப் பூ மட்டும்தான். அம்மாவோடதும் அப்படித்தான் ஆகப்போவுதுன்னா ஆகட்டும். ஆனா காபி இருக்கணும்."

அவளுக்குப் பதில் சொன்னவன் பிராந்துர். அன்று மாலையே, பனிக் காலணியைக்கூடக் கழற்றாமல் க்ரோவா வீட்டு நடையில் நின்று, மீட்புப் படை பொறுப்பேற்கிறது என்று அறிவித்தான்.

"படையா? உங்கள்ல ஒருத்தன் முட்டை உடைச்சிருக்கானா இதுவரைக்கும்?" என்றாள் க்ரோவா.

"பதினாலு பேர் இருக்கோம். படையில இருக்குற பொண்ணுங்க எல்லாம் உன் வீட்டுப் பொண்ணுங்க, அதனால அவங்க கணக்குல இல்ல. எனக்கு இருபத்தாறு வருஷமா சூப் ஊத்தினா உங்கம்மா. ஒரு மத்தியானம் என்னால காபி ஊத்த முடியாதா?" கொஞ்சம் நிறுத்தி, "பான்கேக் மட்டும் எப்படின்னு எழுதிக் கொடுத்துடு" என்றான்.

க்ரோவா உள்ளே போய் அம்மாவின் செய்முறை அட்டையைக் கொண்டுவந்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: மாவு, தேவையான அளவு. பால், போதும்வரை. முட்டை, இருப்பதைப் பொறுத்து. காபி கொஞ்சம். பிராந்துர் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலி.

"இதைவிட என் கடல் வரைபடம் தெளிவா இருக்கும்" என்றான்.

வேறு வழியில்லாமல் அவளும் கொடுத்தாள். துணியில் சுற்றிய அந்தக் கல்லையும் கொடுத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள், குழந்தையைக் கொடுப்பதைப் போல. அப்போது யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. கல்லைக் கழுவக் கூடாதென்று வளர்ந்த மனிதனுக்குச் சொல்வதா?

வெள்ளிக்கிழமை காலை கூடத்துக்கு நானும் சோல்ரூனும் மேற்பார்வைக்குப் போனோம். பதினாலு பேரும் ஆரஞ்சு நிறச் சட்டையில் இருந்தார்கள். மீட்புப் படையில் எதைத் தொட்டாலும் முதலில் சுத்தம் செய்வது சட்டம். கயிறு, கொக்கி, படகு மோட்டார் எல்லாம் உப்பு போகத் தேய்த்தால்தான் அடுத்த முறை உயிரைக் காப்பாற்றும். அந்தச் சட்டப்படி அடுப்பங்கரை முழுவதையும் தேய்த்திருந்தார்கள். தரை, சுவர், விளக்கின் மூடிகூட. அடுப்பின்மேல் ஒரு பளபளப்பான வட்டம் இருந்தது.

சோல்ரூன் குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஸ்டெய்ன்வோரோட கல்" என்றான் பிராந்துர், பெருமையோடு. "என்னா அழுக்கு, என்னா அழுக்கு! இரும்பு நாரும் மோட்டார் கழுவுற மருந்தும் போட்டு ரெண்டு மணி நேரம் தேய்ச்சோம். இப்போ பாரு."

சோல்ரூன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பிராந்துர்," என்றாள், மெதுவாக, "உன் வீட்டுல பான்கேக் யாரு சுடுறது?"

"என் பொண்டாட்டி."

"நீ அந்த அடுப்பங்கரைக்குள்ள போயிருக்கியா?"

"போனா திட்டுவா."

"ஏன் திட்டுவான்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்க. அது அழுக்கு இல்லடா. அது தொண்ணூறு வருஷம்."

அவன் நம்பவில்லை. மாவை ஊற்றினான். ஒட்டிக்கொண்டது. வெண்ணெய் போட்டான், ஒட்டிக்கொண்டது. மூன்றாவதைச் சுரண்டி எடுக்கக் கத்தி தேவைப்பட்டது. அறையில் பதினாலு பெரிய ஆண்கள் சத்தமே இல்லாமல் நின்றார்கள். மனிதன் உயிரோடு கிடைக்காத நாட்களில் அவர்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இப்படித்தான் நிற்பார்கள்.

"க்ரோவாகிட்ட நான் போய்ச் சொல்றேன்" என்றான்.

"சொன்னா அடுத்த நிமிஷம் ஏப்ரனோட இங்க நிப்பா. அப்புறம் யார் தடுக்கிறது?" என்றேன். "சனிக்கிழமை சாயங்காலம்வரைக்கும் வாயைத் திறக்காதே."

அவன் ஒரு பெரிய காகிதத்தை மேசைமேல் விரித்து ஊரின் படத்தை வரைந்தான். தெருவைக் கட்டம் கட்டமாகப் பிரித்தான். காணாமல் போனவரைத் தேடும்போது செய்வதேதான். கட்டத்துக்கு இரண்டு பேர், கையில் வாக்கி-டாக்கி. தேட வேண்டியது, பழகின கல்.

எங்கள் ஊரில் கல்லை இரவல் கேட்பது பல் துலக்கும் பிரஷைக் கேட்பதற்குச் சமம். நான் அதைச் சொல்வதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அடுப்பங்கரையில் வைத்திருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ரெண்டாம் கட்டம் முடிஞ்சுது. நாலு கதவு தட்டினோம். கல் இருக்கு, தர மாட்டேங்கறாங்க."

"என்னதான் சொல்றாங்க?"

"கல்லோட தானும் வருவேன்னு சொல்றாங்க. ஏத்திக்கலாமா?"

பிராந்துர் என்னைப் பார்த்தான். நான் சோல்ரூனைப் பார்த்தேன்.

"ஏத்து" என்றாள் சோல்ரூன்.

பத்து மணிக்குள் பதினேழு கல் வந்து சேர்ந்தது, பதினேழு ஆளோடு. சங்கத்துக்குக் கூப்பிட்டால் நேரமில்லை என்று வருடக் கணக்காகச் சொன்னவர்கள் அதில் ஆறு பேர். மீன் தொழிற்சாலையின் போலந்துக்காரிகள் மூன்று பேர், அவரவர் ஊர்க் கல்லோடு. மேலாளரும் வந்தார், அவர் அம்மாவின் கல்லோடு. ஒருவர் கல்லை இன்னொருவரைத் தொட விடவில்லை. அடுப்பு போதாமல் படைக்காரர்கள் கொட்டகையிலிருந்து முகாம் அடுப்புகளைக் கொண்டுவந்தார்கள். மாவில் காபி சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு சண்டை நடந்தது, அதை எழுதினால் இன்னும் நான்கு பக்கம் ஆகும். மத்தியானம் மூன்று மணிக்கு முந்நூற்றுப் பதினேழு பான்கேக் சர்க்கரை தூவிச் சுருட்டி அடுக்கப்பட்டிருந்தது. சோல்ரூன் எண்ணினாள்.

சனிக்கிழமை ஓக்முந்துர் பதினாறு நிமிடத்தில் முடித்தார். கூடத்தில் புகைபோட்ட ஆட்டுக்கறி வைத்த ரொட்டி, இறால் கேக், முடிச்சுப் போட்டுப் பொரித்த கிளெய்னா, பான்கேக் எல்லாம் இருந்தன. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் தட்டுகளைக் காயம்பட்டவரைத் தூக்குவதுபோல் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்று தூக்கினார்கள்.

க்ரோவா முன்மேசையில் இருந்தாள். அவள் உட்கார்ந்திருக்கவில்லை, நாற்காலியைத் தொட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மூன்றாம் மேசையில் பால் தீர்ந்தது, அவள் பாதி எழுந்தாள். ஒரு கோப்பை உடைந்தது, முழுதாக எழுந்தாள். இப்படியே போனால் ஐந்து நிமிடத்தில் அடுப்பங்கரைக்குள் போயிருப்பாள். கல்லையும் பார்த்திருப்பாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஒரு தட்டில் எல்லாவற்றையும் குவித்து அவள் மடியில் வைத்தேன். தட்டின் ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். மடியில் நிறைந்த தட்டு இருந்தால் யாரும் எழ முடியாது. பிடித்திருப்பவர் விட்டாலொழிய கீழே வைக்கவும் முடியாது.

"என்ன பண்ற நீ?"

"தட்டைப் பிடிச்சிருக்கேன். சாப்பிடு."

"அங்க பால் இல்ல."

"அது பிராந்துர் கவலை. அழுறது உன் வேலை. அதைப் பாரு."

அவள் என்னை முறைத்தாள். பிறகு ஒரு பான்கேக்கைக் கடித்தாள். இதில் காபி சேர்க்கவில்லை என்றாள். அடுத்ததைக் கடித்து, இதில் அதிகம் என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் அவள் வேலையைப் பார்த்தாள்.

ஜனங்கள் வந்து பேசினார்கள். அவள் கேட்டாள். அடுத்த கடல்கழியின் கரையிலிருந்து ஸ்டூர்லா என்ற கிழவர் கைத்தடியோடு வந்து எதிரே நின்றார். கவிழ்ந்த சூலாவைத் தேடிப் போன படகில் இருந்தவர். வெகுநேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா ஒரு நோட்டு வெச்சிருந்தா. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அதுல என் பேர் இருக்கும். தோர்லாக்குர் அடக்கத்துக்கு வந்திருந்தேன்னு. கடல் அளவு வருத்தம்னு சொன்னேன்னு." தொப்பி நின்றது. "நான் வரல. அவனைப் பதினோரு நாள் தேடினவன் நான், அவ முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. மூணு வாரம் கழிச்சு நோட்டோட வந்து நிக்குறா. இல்லன்னு எப்படிச் சொல்றது? வந்தேன்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இன்னைக்குத்தான் வந்திருக்கேன். அதை யார்கிட்டயாவது சொல்லணும் இல்லையா?"

க்ரோவா தட்டின் தன் பக்கத்து ஓரத்தை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டு முழுவதும் என் கைக்கு வந்தது. கனமாகத்தான் இருந்தது.

"பக்கத்துல உக்காரு, ஸ்டூர்லா. எங்கப்பாவைப் பத்திச் சொல்லு. எனக்குக் கிண்ணம் மட்டும்தான் ஞாபகம்" என்றாள்.

அவர் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கும் மேல். அதற்குள் பால் வந்தது, தீர்ந்தது, மறுபடி வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மாலையில் பிராந்துர் கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஒப்புக்கொண்டான். க்ரோவா பிரித்தாள். அதில் தன் முகத்தைப் பார்த்தாள்.

"இங்வெல்துர் பாட்டி இருந்தா கல்யாணம் முறிஞ்சுதுன்னு சொல்லியிருப்பா" என்றாள்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"உன் கொட்டகையில கொண்டுபோய் வை. இனிமே படை எப்போ வெளியே போய்ட்டு வந்தாலும் இதுல பத்து பான்கேக் சுடு. தொண்ணூறு வருஷத்துல சரியாயிடும்."

கொட்டகையில் இருக்கிறது. இருபது முறை சுட்டுவிட்டானாம். இன்னும் ஒட்டுகிறது. சங்கத்தில் இப்போது இருபத்தெட்டு பேர். ஸ்டெய்ன்வோர் உயிரோடிருந்து சேர்த்ததைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று க்ரோவா தன் அம்மாவின் அடக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அதற்குக் காரணம் தட்டைப் பிடிக்கும் அந்த யோசனை. அது என் சொந்த யோசனை என்பதை ஆண்டு மலரில் பதிவு செய்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இதுவரை படித்து முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். சோல்ரூன் ஊசிகளைக் கீழே வைத்தாள். கண்ணி எண்ணுவது எப்போதோ முடிந்திருந்தது.

"அது உன் யோசனை இல்ல, ஹெர்போர்க். ரெண்டாயிரத்து ஒன்பதுல உன் புருஷன் எய்விந்துர் அடக்கம். நீ அடுப்பங்கரைக்கும் மேசைக்கும் ஓடிக்கிட்டே இருந்த. ஸ்டெய்ன்வோர் ஏப்ரனைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, உன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தா. உன் மடியில தட்டை வெச்சு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டா. ஒண்ணேகால் மணி நேரம். நீ இறால் கேக் மூணு துண்டு சாப்பிட்ட. அன்னைக்குக் காபி ஊத்தினது நான். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ உன் வேலையைப் பாத்துக்கிட்டு இருந்த. அவ உக்காந்ததே இல்லன்னு எழுதியிருக்கியே, அந்த வரியை அடி. அதுக்கு முன்னாடி தலைப்பை மாத்து."